பதினெட்டு கெஜம்

1

எங்கள் ஊர் ஸ்டேடியத்தை இடிக்கப்போகிறார்கள். ‘எங்கள் ஊர்’ என்று கை தானாக எழுதிவிட்டது. ஆவடி, அண்ணனூர் பக்கம் இருந்து படிப்பவர்கள் தேட வேண்டாம். நான் சொல்வது ஜெர்மனியின் மேற்கே, ஒரு காலத்தில் இரும்பாலைகள் புகைவிட்டுக்கொண்டிருந்த, இப்போது புகையும் இல்லாமல் வேலையும் இல்லாமல் படு சுத்தமாக இருக்கும் ஒரு நகரம். இங்கே வந்து ஐம்பது வருடங்கள் ஆகப்போகின்றன. அதில் இருபத்தேழு வருடம் அந்த ஸ்டேடியத்தில் கோடு போட்டேன்.

புல்லின் மேல் வெள்ளைக் கோடு போடுவதற்குச் சம்பளம் தருவார்களா என்று பூந்தமல்லியில் என் மாமியார் கடைசிவரை நம்பாமல்தான் இருந்தார். தருவார்கள். பென்ஷனும் தருவார்கள். மழையில் நனைய ஒரு கோட்டும், பனியில் நடக்க ஒரு ஜோடி பூட்சும் தருவார்கள்.

போன மாதம் நகராட்சியிலிருந்து ஒரு தபால் வந்தது. ஸ்டேடியத்தை இடிப்பதற்கு முன்னால் அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். அங்கே வேலை பார்த்த எல்லோரும் நினைவுகளை எழுதித் தர வேண்டும். இந்த நாட்டில் நினைவுக்கும் படிவம் உண்டு. நான்கு பக்கம், பதினோரு கேள்வி. பெயர், பிறந்த ஊர், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை. இதெல்லாம் சுலபம். ஏழாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன்: ‘இந்த வேலையை எங்கே, எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?’ பதில் எழுத மூன்று வரி இடம்.

மூன்று வாரமாகப் படிவம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. என் மனைவி ஸ்டெல்லா இருந்திருந்தால் அதன் மேல் ரசப் பாத்திரத்தை வைத்திருப்பாள். அவள் போய் ஆறு வருடமாகிறது.

2

நான் கோடு போடக் கற்றுக்கொண்ட இடத்தை ஸ்டேடியம் என்று யாரும் சொன்னதில்லை. ‘கிரவுண்டு’, அவ்வளவுதான்.

அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து ஆவடி பார்த்த பக்கம், தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் லாரிகளை நிறுத்துவதற்காகச் சமன் செய்த நிலம் என்பார்கள். யுத்தம் முடிந்து லாரிகள் போய்விட்டன. சமமான நிலம் மட்டும் மிச்சம். சுற்றுவட்டாரத்தில் ஏரியும் வயலும் முள்ளும்தான் என்பதால், சமமான இடம் தேவைப்பட்ட எல்லோரும் அங்கேதான் வந்தார்கள். சர்க்கஸ் வந்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழா நடந்தது. கட்சிக் கூட்டம், நாடகம், மாட்டுச் சந்தை, எங்கள் கோயிலின் நற்செய்திக் கூட்டம். அறுவடைக் காலத்தில் ஒரு மூலையில் நெல் காய்ந்தது. இதற்கெல்லாம் நடுவே ஃபுட்பால்.

கோயில் என்றால் மாதா கோயில். என் அப்பா அங்கே கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்கு முன் பெருக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. திருவிழாவை ஒட்டி ஒவ்வொரு வருடமும் ஒரு கோப்பைக்கான ஆட்டங்கள் நடக்கும். பெரம்பூரிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் டீம்கள் வரும். கிரவுண்டைச் சுற்றித் தென்னந்தட்டி கட்டி மறைப்பார்கள். சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து நாலு படியில் ஒரு கேலரி எழும்பும். ஆட்டம் முடிந்தால் கேலரி லாரியில் ஏறிக் கல்யாணப் பந்தலுக்குப் போய்விடும்.

கோயில்பிள்ளையின் மகன் என்பதால் கோடு போடும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது இருபது வயது, எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். டேப் எல்லாம் கிடையாது. மணிக்குப் புதுக் கயிறு மாற்றியபோது கழற்றிய பழைய நூல் கயிற்றை அப்பா எனக்குத் தந்தார். ரயில்வேயில் இருந்த ஒரு மேஸ்திரியிடம் போய் டேப் பிடித்து அளந்து, ஆறு கெஜத்தில் ஒரு முடிச்சு, பன்னிரண்டில் ஒரு முடிச்சு, பதினெட்டில் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டேன். ஃபுட்பால் கிரவுண்டில் கோல் பக்கம் இருக்கும் அளவெல்லாம் இந்த மூன்றுக்குள் அடக்கம். இது அளக்கும் கயிறு. இதை வீட்டில் ஆணியில் மாட்டி வைத்திருப்பேன்.

இன்னொரு கயிறு கோடு அடிக்க. அதைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊறவைத்து, இரண்டு முளைக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டி, நடுவில் தூக்கிச் சட்டென்று விட்டால் தரையில் ஒரு வெள்ளைத் தடம் விழும். அந்தத் தடத்தின் மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே போக வேண்டும். கொத்தனார்கள் சுவரில் நூல் அடிப்பதைப் பார்த்து நானே கண்டுபிடித்த முறை. என் கோடு பட்டணத்துக் கோட்டைவிட நேராக இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

3

இங்கே உள்ள ஸ்டேடியத்தின் கதையும் பெரிய வித்தியாசமில்லை. இதுவும் யுத்தம் விட்டுப்போன இடம்தான். குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லையும் காரையையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து வட்டமாகக் குவித்து, அந்த மேட்டின் மேல் படிக்கட்டு கட்டிவிட்டார்கள். நான் வந்த புதிதில் ஒரு கிழவி வாசலில் நின்று, தன் பழைய சமையலறை தெற்குப் படிக்கட்டுக்குக் கீழே கிடக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நகராட்சிப் பணம் என்பதால் ஃபுட்பாலுக்கு மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பாதை போட்டார்கள். அதைச் சுற்றிச் சைக்கிள் பாதை. கோடையில் பாட்டுக் கச்சேரி, ஒரு தடவை பல்லாயிரம் பேர் கூடிய திறந்தவெளிப் பூசை, ஒரு தடவை நாய்க் கண்காட்சி. நாய்க் கண்காட்சிக்கும் நான்தான் கோடு போட்டேன். சம்பளத்துக்கு விளையாடும் எங்கள் நகர கிளப் லீக் ஆட்டங்களின் முதல் வரிசையில் இருந்ததும், இரண்டாவதுக்கு விழுந்ததும், அங்கிருந்து மூன்றாவதுக்கு வந்ததும் இதே புல்லில்தான். இப்போது ரசிகர்கள் ஆட்டம் ரொம்பத் தூரத்தில் நடக்கிறது என்கிறார்கள். ஓட்டப் பாதை நடுவில் இருக்கிறதே. அதனால் நெடுஞ்சாலை ஓரம் ஃபுட்பாலுக்கு மட்டும் ஒரு ஸ்டேடியம் கட்டியாகிவிட்டது. பழையது இருக்கும் இடத்தில் வீடுகள் வரும்.

பல வேலைக்கு ஆகும் மைதானத்தில் ஒரு சங்கடம் உண்டு. பழைய கோடு முழுதாகப் போகாது. புதுக் கோட்டுக்குப் பக்கத்தில் மங்கலாகக் கிடக்கும். எது எதனுடையது என்று கோடு போடுகிறவனுக்குத் தெரிய வேண்டும். இங்கே அதற்கு நிறம் இருக்கிறது: ஃபுட்பாலுக்கு வெள்ளை, மற்றதற்கு நீலம், மஞ்சள். அண்ணனூரில் எல்லாமே சுண்ணாம்பு.

4

ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தான். அவன் வீட்டில் எல்லோரும் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்தவர்கள். அவனும் எட்டாவதோடு நின்று, சேற்றில் இறங்கியவன். எங்கள் ஊர் டீமுக்கு கோல்கீப்பர். என்னைவிட ஒரு வயது பெரியவன், ஒரு சாண் கூடுதல் உயரம். கையை விரித்தால் பந்து அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கோலிலேயே நின்று காக்கிற ரகம் இல்லை. எதிரி ஓடிவந்தால் இவனும் முன்னால் ஓடிப்போய் அவன் காலடியிலேயே பந்தைப் பொறுக்கிவிடுவான். கோல்கீப்பர் பெனால்டி பாக்ஸுக்குள்தான் பந்தைக் கையால் தொடலாம். வெளியே தொட்டால் தப்பு. ஏழுமலை கீழே பார்க்காமலே ஓடுவான். “பதினேழு எட்டு வெச்சா கோடு மாமே. பதினாறுல நின்னுட்டா உள்ளதான் கீறேன்னு அர்த்தம். கண்ணு எதுக்கு கீழ பாக்கணும்? காலுக்கே தெரியும்” என்பான். கோல் கோட்டிலிருந்து பாக்ஸின் விளிம்புக்கு ஐம்பத்துநாலு அடி. நான் போட்ட கோட்டில் பழகிய கால் அது.

அம்பத்தூரில் புதிதாகத் தொழிற்பேட்டை வந்திருந்த சமயம். ஒரு தொழிற்சாலையில் டீம் சேர்க்கிறார்கள் என்றும், கோல்கீப்பர் இடம் காலியாக இருக்கிறது என்றும், இறுதி ஆட்டத்தைப் பார்க்க அவர்களுடைய அதிகாரி வருகிறார் என்றும் செய்தி வந்தது. எடுத்துக்கொண்டால் விளையாட்டோடு நிரந்தர வேலை. காக்கிச் சட்டை, கேன்டீன் சாப்பாடு, மாதச் சம்பளம். ஏழுமலையின் அம்மா என் அம்மாவிடம் வந்து மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் வீட்டில் யாரும் அதுவரை மாதச் சம்பளம் வாங்கியதில்லை.

5

இறுதி ஆட்டம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை அதே கிரவுண்டில் ஒரு கட்சிக் கூட்டம். மேடையை வடக்குக் கோல்போஸ்டையே முதுகாக வைத்துக் கட்டுவது வழக்கம், மரம் மிச்சம். ஜனங்கள் முழுக்க வடக்குப் பக்கம்தான் உட்கார்ந்தார்கள். கூட்டத்தைத் தடுத்து நிறுத்தக் கயிறு போதவில்லை என்று ஒரு தொண்டர் என் வீட்டுக்கு வந்து ஆணியில் இருந்த கயிற்றைக் கேட்டிருக்கிறார். அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்த ராத்திரி ஆவணி மழை பெய்தது.

காலையில் போய்ப் பார்த்தால், தெற்குப் பக்கத்துக் கோடுகள் மழையில் கொஞ்சம் மங்கியிருந்தாலும் அப்படியே இருந்தன. மேலே தூள் தூவினால் போதும். வடக்குப் பக்கம் மிதிபட்டுச் சேறாகக் கிடந்தது. என் முடிச்சுக் கயிறு இரண்டு மூங்கிலுக்கு நடுவே சொட்டச் சொட்டத் தொங்கியது. அவிழ்த்துப் பிழிந்தேன். வடக்குப் பெனால்டி பாக்ஸைப் புதிதாக அளந்து போட்டேன்.

போட்டு முடித்தபோது ஒன்றைப் பார்த்தேன். என் புதுக் கோட்டுக்கு வெளியே, மூன்றரை அடி தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. அதற்கு முந்தின வாரம்தான் பள்ளிக்கூட விளையாட்டு விழா. ஓட்டப் பந்தயக் கோடு என்று நினைத்தேன். துடைப்பத்தால் அழுத்திக் கூட்டி அழித்தேன். இன்றைக்கும் அந்தத் துடைப்பத்தின் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்று மணிக்கு ஏழுமலை வந்து கோலுக்குள் நின்று பார்த்தான்.

“கோடு பளபளன்னு கீது லூர்து. குப்புற உழுந்தா சட்டை வெள்ளையாய்டும் போலகீதே.”

“உழாத. நின்னுகினே புடி.”

“பெரிய மனுசன் வர்றாராமே. எங்க குந்தினுகீறாரு?”

நாற்காலி வரிசையில் வெள்ளைத் தொப்பி வைத்திருந்தவரைக் காட்டினேன். ஏழுமலை அந்தப் பக்கம் பார்த்து, சட்டையை உள்ளே செருகிக்கொண்டான்.

முதல் பாதியில் அவன் தெற்குப் பக்கம். நாலு பந்து பிடித்தான். நாலும் கேலரி எழுந்து நின்ற பந்து. இரண்டாம் பாதியில் வடக்குக்கு வந்தான். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டணத்து டீம் நீளமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டது. அவர்களுடைய ஆள் தனியாக ஓடிவந்தான். ஏழுமலையும் வெளியே ஓடினான். நான் எல்லைக் கோட்டுக்கு அருகே சுண்ணாம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். எகிறி நெஞ்சோடு பந்தை அணைத்தான். நின்றான். கேலரி கத்தியது. விசில் அடித்தது.

“அண்ணாத்தே, நான் உள்ளதான் கீறேன்” என்று ரெஃபரியிடம் சொன்னான். சொல்லிக்கொண்டே கீழே பார்த்தான். கோடு அவன் குதிகாலுக்குப் பின்னால் கிடந்தது.

அவன் கோட்டைச் சந்தேகப்படவில்லை. காலைத்தான் சந்தேகப்பட்டான். பந்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். அந்த ஃப்ரீ கிக்கில் கோல் விழுந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை பட்டணத்துக்குப் போனது.

6

ஆட்டம் முடிந்ததும் வெள்ளைத் தொப்பிக்காரர் எங்கள் பங்குச் சாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது. “கை நல்லா இருக்கு ஃபாதர். ஆனா எல்லை தெரியாத கீப்பரை வச்சுக்கிட்டு என்ன செய்யறது?” பட்டணத்து கீப்பரைக் கூப்பிட்டுப் பெயர் எழுதிக்கொண்டார். பிறகு கிரவுண்டை ஒரு தடவை நின்று பார்த்தார்.

“கோடு யார் போட்டது?”

சாமியார் என்னைக் காட்டினார்.

“இவ்வளவு நேரா எப்படிப் போட்ட? எங்க புது ஷெட்ல தரை முழுக்க மஞ்சக் கோடு போடணும். வண்டி போற வழி, ஆள் நடக்கிற வழி, மெஷினைச் சுத்தி. திங்கக்கிழமை காலையில வா.”

அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். ஏழுமலைக்காக வருத்தமும் இருந்தது; இரண்டும் சேர்ந்தே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வேலியில் போட்டிருந்த கயிறு வெயிலில் காய்ந்திருந்தது. ஆணியில் மாட்டினேன். பதினெட்டு கெஜ முடிச்சை, வாசலுக்கு எதிரே இருந்த கோயிலின் கதவு நிலைவரை இழுத்து அங்கே இருக்கும் இரண்டாவது ஆணியில் மாட்டுவது என் பழக்கம். சரியாக எட்டியது. எப்போதும் எட்டுவதுதான். ஆனால் எனக்கு அந்த வெள்ளைத் திட்டுகள் ஞாபகம் வந்தன. கயிற்றைக் கழற்றி ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, அரைமணி நேரம் கழித்து எடுத்துப் பிழிந்து மறுபடி மாட்டினேன். முடிச்சு நிலையைத் தொடவில்லை. இழுத்தேன். அப்பாவைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன். மூன்றரை அடி குறைந்தது.

“நனைஞ்சா நூல் கயிறு சுருங்கும்டா. மழைக்காலத்துல மணிக்கயிறு எட்டாம நான் முக்காலி போட்டு அடிச்சது உனக்குத் தெரியாதா?” என்றார் அப்பா.

எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்த முக்காலியைப் பார்த்திருக்கிறேன். மணி மேடையில் பார்த்ததைக் கிரவுண்டில் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானம் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தொழிற்சாலைக்குப் போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஏழுமலை எல்லைக்குள்தான் நின்றான், தப்பு என் கயிற்றுடையது என்று ஒரு வாக்கியம். அதைச் சொன்னால், கோடு போடத் தெரியாதவனுக்குக் கோடு போடும் வேலை ஏது? திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அம்பத்தூர் கேட்டில் நின்றேன். மஞ்சள் பெயின்ட் டப்பாவைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் ஏழுமலை சைக்கிளில் வந்து கேட்டுக்கு வெளியே காத்திருந்தான். பெயின்ட் படிந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே போனேன்.

“உனக்காச்சும் கெடச்சுதே நைனா” என்றான். “அம்மா பணியாரம் குடுத்தனுப்பிச்சிது.”

7

பத்து வருடம் அந்தத் தொழிற்சாலையில் இருந்தேன். பூந்தமல்லி ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டேன். அவள் நர்ஸ். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எங்கள் பக்கத்துப் பெண்களை எடுத்தபோது அவள் போனாள். ஒரு வருடம் கழித்து நான் பின்னால் போனேன். அந்தக் காலத்தில் கணவன் பின்னால் போவதை ஊரில் வேறு மாதிரி பேசினார்கள்.

இங்கே வேலை வாய்ப்பு அலுவலகத்தில் ஒரு அம்மா மேசைக்குப் பின்னால் இருந்தார். என் தொழில் என்ன என்று கேட்டார். மூன்று மாதம் இரவுப் பள்ளியில் படித்த ஜெர்மனில் ‘நான் கோடு போடுகிறவன்’ என்று சொல்ல முயன்று, ‘நான் கோடு’ என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதை அப்படியே எழுதிக்கொண்டு, சான்றிதழ் எங்கே என்று கேட்டார். கோடு போடுவதற்கு இந்த நாட்டில் சான்றிதழ் வேண்டும். எங்கே கற்றாய் என்றார். தொழிற்சாலையில் என்றேன். அதற்கு முன்னால்? ஒன்றுமில்லை என்றேன். ஆக, ஏழாவது கேள்வியை என்னிடம் இப்போது கேட்பது இரண்டாவது தடவை.

‘நான் கோடு’ என்று நான் சொன்னது வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஊரில் அது வேறொருவனின் பெயராகிவிட்டிருந்தது.

ஸ்டேடியத்தில் என் மேஸ்திரி பெயர் வெர்னர். முதல் நாள் எனக்கு ஒரு நைலான் நூல் உருண்டை கொடுத்தார். நான் அதில் பத்து மீட்டர் வெட்டி, அளந்து, வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்து எடுத்து மறுபடி அளந்தேன். பத்து மீட்டர்தான். வெர்னர் பைப்பைப் புகைத்துக்கொண்டே பார்த்திருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நான் இரண்டு தடவை அளந்தேன். “ராத்திரி மைதானம் வளர்ந்துவிட்டதா லூர்து?” என்று கேட்பார். இருபத்தேழு வருடமும் இரண்டு தடவைதான். ஜெர்மன்காரர்களே இது கொஞ்சம் அதிகம் என்றார்கள்.

8

கோடு ஏழுமலை. அந்த ஆட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் கேலிதான். “கோட்டப் பாத்து நடடா” என்பார்கள், அவன் தெருவில் போனால். கொஞ்ச நாளில் ‘ஏழுமலை’ கழன்று ‘கோடு’ மட்டும் நின்றது. நாலு வருடம் வயலில் இருந்தான். பிறகு பெங்களூர் ரோட்டில் சென்னீர்குப்பத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில் சேர்ந்து, பின்னால் அந்தக் கடையையே எடுத்துக்கொண்டான். போர்டில் ‘கோடு பஞ்சர் கடை’ என்று எழுதியிருக்கும். நீங்கள் அந்த ரோட்டில் போயிருந்தால் பார்த்திருக்கலாம். எழுத்துக்களுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடும் இழுத்திருப்பான்.

லீவில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். டயர் மேல் உட்கார வைத்து டீ வாங்கித் தருவான். யாராவது லாரி டிரைவர் வந்து, “அதென்ன கோடு?” என்று கேட்பார். ஏழுமலை ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே ஆரம்பிப்பான்.

“ஒத்தையா வந்துகினு இருக்கான். எனக்குத் தெரியும், கோட்டுக்கு அந்தாண்ட போனா விசிலுன்னு. போவலன்னா கோலு. ரெண்டுல ஒண்ணு. போனேன். நெஞ்சோட அணைச்சேன். வேல போச்சு, இன்னா இப்ப? ஊரே எழுந்து நின்னுச்சி. வேணும்னா இவனக் கேளு, இவன்தான் அந்தக் கோட்டப் போட்டவன்.”

டிரைவர் என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன்.

அவன் ரெஃபரியிடம் ‘உள்ளதான் கீறேன்’ என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவனுக்கு எந்த வருடத்தில் அது மறந்தது என்று தெரியவில்லை. கிரவுண்டு அதற்குள் மனைகளாகிவிட்டது. வடக்குப் பெனால்டி பாக்ஸ் இருந்த இடத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு, துணி காய்கிறது.

9

போன ஞாயிற்றுக்கிழமை ஆக்னஸ் வந்தாள். என் மகள், ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள். ‘எங்க ஸ்டேடியத்த இடிக்கிறாங்கப்பா’ என்று போனில் அழுதவள் அவள்தான். அவளுடைய ‘எங்க’வில் தயக்கமே கிடையாது; எனக்கு அதைக் கேட்டால் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். மகன் சேவியர் வடக்கே இருக்கிறான். அவனோடு தமிழ் ‘சாப்பிட்டியா’வில் ஆரம்பித்து ‘சரிப்பா’வில் முடிந்துவிடும்.

ஆக்னஸ் படிவத்தைப் பார்த்தாள். “ஏழு ஏன் காலியா இருக்கு?”

முதன்முறையாக முழுக்கச் சொன்னேன். கயிறு, மழை, துடைப்பம், திங்கட்கிழமை. கணக்குப் பார்க்கும் முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவருக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“அப்பா, அது தப்பு. தப்பு இருந்தா திருத்தணும். போன் நம்பர் இருக்கா?”

இவள் படித்த பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிழை என்று ஒன்று இருந்தால், அது யாருடைய வாழ்க்கையில் அறுபது வருடம் உட்கார்ந்திருந்தாலும் சிவப்பு மையால் அடிக்கலாம். இருந்தாலும் நம்பரை எடுத்துக் காட்டினேன். அவளே வீடியோவில் போட்டுக் கொடுத்தாள். இங்கே மத்தியானம், அங்கே விளக்கு வைக்கும் நேரம். ஏழுமலையின் முகத்தில் பாதியும் தொங்கும் டயர்களும் தெரிந்தன.

“இன்னா லூர்து, முட்டி எப்டி கீது? ஊட்ல பொண்ணு வந்துகீதா?”

ஸ்டேடியம் இடிப்பதைச் சொன்னேன். “அய்யே, நல்லாத்தானே இருந்துச்சி” என்றான். அதை அவன் பார்த்ததே இல்லை. பிறகு சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில் சொன்னேன். கோடு மூன்றரை அடி உள்ளே வந்துவிட்டது, நீ உள்ளேதான் நின்றாய், மறுநாளே எனக்குத் தெரியும், தெரிந்துதான் வேலைக்குப் போனேன்.

அவன் பக்கத்தில் காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமோ கை காட்டினான், அது நின்றது.

“இத்த இப்ப எதுக்கு சொல்ற?”

“இத்தினி வருசமா சொல்லலடா.”

“அத்தான் கேக்குறேன். இப்ப எதுக்கு?”

ஆக்னஸ் என் தோளில் கை வைத்திருந்தாள்.

“தபாரு லூர்து” என்றான். குரலை உயர்த்தவில்லை. “நான் தெரிஞ்சிதான் தாண்டினேன். ஊருக்கே தெரியும். என் பேரனுக்குத் தெரியும். நீ சொல்றாப்ல நான் உள்ளாற நின்னுகினு இருந்தேன்னா, அன்னிக்கி நான் இன்னா பண்ணேன்? பந்து வந்துச்சி, புடிச்சேன். அவ்ளோதானே. அதுக்கு எவன் பேர் வெப்பான்?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் அது தெரிந்ததோ என்னவோ.

“அங்க இடிக்கிறாங்களே, அந்த கிரவுண்டுல பாக்ஸு எத்தினி கெஜம்?”

“பதினெட்டு.”

“அளந்தியா?”

“ரெண்டு தடவ.”

“இங்கயும் பதினெட்டுதான். நீ போட்டதுதானே. போன வை, வண்டி நிக்குது.”

படம் போய்விட்டது. அவன் தமிழ் ஆக்னஸுக்குப் பாதிதான் புரிந்திருந்தது.

“என்ன சொன்னார்?”

“கோடு சரியாத்தான் இருந்ததுன்னு சொல்றான்.”

“நிஜமாவா? அப்போ அளவு தப்பு இல்லையா?”

“அவன் சொன்னா சரிதான்” என்றேன்.

அவள் பேனாவை எடுத்து ஏழாவது கேள்விக்கு என்ன எழுத என்று கேட்டாள். மூன்று வரி இடம் இருந்தது. ஒரு வரி போதும் என்று சொன்னேன். அவள் ஜெர்மனில் எழுதினாள், பெயருக்கு மட்டும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னாள்: அண்ணனூரில், ஏழுமலை கோல் காத்த மைதானத்தில்.